கடகட சத்தம் எங்கேயிருந்து வருது?

காருக்குள்ள வர்ற சத்தத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வீட்டிலிருந்து மெக்கானிக் ஷெட் வரைக்கும் விடாம கடகடக்கும். மெக்கானிக் அண்ணன் ஏறி உட்கார்ந்து ஒரு ரவுண்டு போனா கப்சிப். "ஒண்ணுமே இல்லையே தம்பி" என்று அவர் இறங்கிப் போன பிறகு, அடுத்த ஸ்பீட் பிரேக்கரிலேயே மறுபடி ஆரம்பிக்கும்.

இதில் அவர் மேல தப்பு இல்ல. அவர் ஏறினதால ஒரு சீட் அழுந்தியிருக்கும். நீங்க ஓட்டுற கியரில், நீங்க ஓட்டுற வேகத்தில் அவர் ஓட்டியிருக்க மாட்டார். காலையில வீட்ல எடுத்தப்போ ஜில்லுன்னு இருந்த டேஷ்போர்டு, ஷெட்டுக்கு வர்றதுக்குள்ள வெயிலில் சூடாகியிருக்கும். சத்தம் வர்றதுக்குத் தேவையான நிபந்தனைகளில் ஏதோ ஒண்ணு கழண்டு போச்சு. அது எதுன்னு கண்டுபிடிச்சிட்டா, வேலை முக்கால்வாசி முடிஞ்ச மாதிரி. டேப் ஒட்டுறது, பஞ்சு வைக்கிறதெல்லாம் கடைசி 10 நிமிஷம்.

ஆனா நம்ம ஆளுங்க நேர் எதிரா பண்ணுவோம். வீடியோ பார்த்த உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு டேஷ்போர்டைக் கழட்ட உட்கார்ந்துடுவோம். தப்பான பேனலைக் கழட்டி 2 க்ளிப்பை உடைச்சா, ஒரு சத்தம் மூணு சத்தமாகும். அதோட, இந்த வேலையில் ரெண்டு இடத்தில் விளையாடக் கூடாது. ஒண்ணு ஏர்பேக், இன்னொண்ணு பிரேக். ரெண்டுக்கும் வர்றேன்.

சத்தத்தில் மூணு ஜாதி

கார் கம்பெனிகளில் இதுக்குன்னே தனி டீம் வைத்திருக்கிறார்கள். அவர்கள் பாஷையில் இதன் பெயர் பி.எஸ்.ஆர். அதாவது பஸ், ஸ்குவீக், ராட்டில்.

ராட்டில்னா ரெண்டு பொருள் பிரிஞ்சு, மறுபடி வந்து மோதுறது. டக் டக், கடகட. ஸ்குவீக்னா பிரியாம உரசுறது. கீச், க்ரீச். போர்டில் சாக்பீஸைச் செங்குத்தா பிடிச்சு எழுதினா ஒரு சத்தம் வருமே, பல்லு கூசுமே, அதே மெக்கானிசம். ஒட்டி நிற்கும்போது இருக்கிற உராய்வு, வழுக்கும்போது இருக்கிற உராய்வைவிட அதிகம். அதனால ஒட்டும், வழுக்கும், ஒட்டும், வழுக்கும். இது ஒரு செகண்டில் நூற்றுக்கணக்கான தடவை நடந்தா நம்ம காதுக்கு அது கீச். மூணாவது பஸ். ஒரு மெல்லிய பேனல் தன்னுடைய இயல்பான அதிர்வெண்ணில் ஆட ஆரம்பிக்கிறது. விர்ர்ர்னு ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் மட்டும் வந்து, கொஞ்சம் ஏத்தினா போயிடும்.

எது என்று முதலில் முடிவு பண்ணணும். ஏன்னா மருந்து வேற வேற. ராட்டிலுக்கு இடைவெளியை அடைக்கணும் இல்ல இறுக்கணும். ஸ்குவீக்கில் இறுக்கினா சில சமயம் இன்னும் மோசமாகும், அங்கே தேவை ரெண்டு பரப்புக்கும் நடுவில் ஒரு துணி. பஸ்ஸுக்கு பேனலின் எடையையோ விறைப்பையோ மாத்தணும்.

0.1 மில்லிமீட்டர் போதும்

"அவ்வளவு டைட்டா இருக்கிற பிளாஸ்டிக் எப்படிங்க மோதும்?" என்று கேட்கலாம். டைனமிக்ஸ் பேப்பரில் படிச்சதை இங்கே கொஞ்சம் தூசி தட்டலாம். ஒரு பொருள் சைன் அலை மாதிரி ஆடினா, அதன் உச்ச முடுக்கம் ஒமேகா ஸ்கொயர் பெருக்கல் வீச்சு. வீச்சு வெறும் 0.1 மி.மீ., அதாவது ஒரு பேப்பர் கனம். அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். கணக்குப் போட்டா செகண்ட் ஸ்கொயருக்கு சுமார் 9.87 மீட்டர் வருது. கிட்டத்தட்ட 1 ஜி!

50 ஹெர்ட்ஸ் எங்கேயிருந்து வந்ததுன்னா, 4 சிலிண்டர் 4 ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுத்துக்கு 2 தடவை ஃபயரிங். 1500 ஆர்.பி.எம். என்பது செகண்டுக்கு 25 சுத்து, ஆக 50 ஃபயரிங். நீங்க ஊருக்குள்ள மூணாவது கியரில் உருட்டிக்கிட்டுப் போற வேகம்தான் அது.

இப்போ 800 கிராம் எடையுள்ள ஒரு க்ளவ் பாக்ஸ் மூடியை எடுத்துக்கோங்க. 1 ஜி முடுக்கத்தில் அதைப் பிடிச்சு வைக்க சுமார் 8 நியூட்டன் விசை வேணும். ஓரத்தில் இருக்கிற அந்தக் குட்டி ரப்பர் குமிழ் புதுசா இருந்தப்போ அந்த அழுத்தத்தைக் கொடுத்தது. 7, 8 வருஷ வெயிலில் ரப்பர் செத்து, 5 நியூட்டன்தான் கொடுக்குதுன்னு வைங்க. மூடி ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு கணம் தூக்கி, திரும்ப விழும். செகண்டுக்கு 50 டக். நமக்கு கடகட. மூடியைக் கையால பிடிச்சுப் பார்த்தா ஆடவே ஆடாது, ஏன்னா உங்க கை 50 ஹெர்ட்ஸில் ஆட்டாது.

வெப்பத்தையும் இதோட சேர்த்துக்கணும். ட்ரிம் பேனல்களில் அதிகம் பயன்படுறது பாலிப்ரொப்பிலீன். இரும்பைவிடப் பல மடங்கு விரியும். சுத்தமான பாலிப்ரொப்பிலீன் பட்டை ஒண்ணு 30 செ.மீ. நீளம்னா, 40 டிகிரி சூடு ஏறும்போது 1 மி.மீ.க்கும் மேல நீளும். அது மாட்டியிருக்கிற இரும்புச் சட்டம் அதே நீளத்துக்கு 0.15 மி.மீ. கூட நீளாது. கம்பெனிகள் டால்க் மாதிரி பொடி கலந்து இந்த வித்தியாசத்தைக் குறைப்பாங்க, ஆனா போகாது. மே மாசம் மைதானத்தில் நிறுத்தின காரில் டேஷ்போர்டு மேற்பரப்பு 70 டிகிரியைத் தொடுறது சகஜம். அதனாலதான் சில சத்தம் காலையில மட்டும், சில சத்தம் மத்தியானம் மட்டும். காலையில வந்து சூடானதும் போச்சுன்னா, அங்கே ஒரு இடைவெளி விரிவால் அடைபடுதுன்னு அர்த்தம். வெயிலில் மட்டும் கீச்னா, ரெண்டு பேனல் விரிஞ்சு ஒண்ணோட ஒண்ணு நெருக்கி உரசுது. நேரத்தை எழுதி வைக்கிறது, இடத்தைத் தேடுறதுக்குச் சமமான துப்பு.

காதை நம்பாதீங்க

ஒரு சத்தம் எந்தப் பக்கம்னு மூளை எப்படிக் கண்டுபிடிக்குது? ரெண்டு காதுக்கும் வந்து சேர்ற நேர வித்தியாசம், சத்த அளவு வித்தியாசம். அந்த நேர வித்தியாசம் அதிகபட்சமே 1 மில்லிசெகண்டுக்குக் கம்மி. இடது வலது ஓரளவு சரியா சொல்லும். மேல கீழ, முன்ன பின்ன என்று வந்தா நம்ம காது ரொம்ப வீக். போதாக்குறைக்கு காருக்குள்ள சாய்வா ஒரு பெரிய கண்ணாடி, சுத்தியும் கண்ணாடி. எல்லாத்திலும் பட்டுத் திரும்புது. இன்னொரு ஏமாத்து வேலை, சத்தம் இரும்பு வழியா ஓடி வேற இடத்தில் வெளியே வர்றது.

எங்க வீட்டுக் கார் 4 சிலிண்டர் பெட்ரோல். 1500 ஆர்.பி.எம். பக்கத்தில் ஒரு கிர்ர்ர். யார் உட்கார்ந்து கேட்டாலும் க்ளவ் பாக்ஸுக்கு மேல் மூலைன்னு சத்தியம் பண்ணுவாங்க. ஆனா க்ளவ் பாக்ஸை முழுசா கழட்டி வெளியே வெச்சிட்டு ஓட்டினாலும் சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில கிடைச்சது காருக்கு வெளியே. வைப்பருக்குக் கீழே, கண்ணாடியும் பானெட்டும் சேர்ற இடத்தில் ஒரு நீள கறுப்பு பிளாஸ்டிக் இருக்குமே, அது. முன் கண்ணாடி மாத்தின கடையில் அதோட 2 க்ளிப்பைப் போடாம விட்டிருந்தாங்க. அது கண்ணாடியின் அடி விளிம்பில் தட்ட, கண்ணாடி மொத்தமும் ஸ்பீக்கர் மாதிரி வேலை செஞ்சிருக்கு. செலவு 2 க்ளிப். அதுக்கு முன்னாடி வேறொரு இடத்தில் "டேஷ்போர்டு முழுசா இறக்கணும், 2 நாள் ஆகும்" என்று சொல்லியிருந்தார்கள்.

தேடுற முறை

முதல்ல காரைக் காலி பண்ணுங்க. சும்மா சொல்லல. சில்லறைக் காசு, கூலிங் கிளாஸ் டப்பா, டோர் பாக்கெட்டில் தண்ணி பாட்டில், சீட்டுக்கு அடியில் உருண்டு போன பேனா, டிக்கியில் குடை, ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி. ஜாக்கியை அதன் இடத்தில் இறுக்கற திருகு லூஸா இருக்கிறது மட்டுமே எத்தனையோ "சஸ்பென்ஷன் போச்சு" கேஸ்களுக்குக் காரணம். டேஷ்போர்டில் ஆடுற சாமி சிலையும், கண்ணாடியில் தொங்குற மணியும் கொஞ்ச நேரம் இறங்கட்டும். சீட் பெல்ட் மாட்டாத பக்கம் அதன் பக்கிள் தூண் பிளாஸ்டிக்கில் தட்டும், அதையும் மாட்டி விடுங்க.

அடுத்து, சத்தத்துக்கு எஜமான் யாருன்னு பார்க்கணும். எஞ்சினா, சக்கரமா, ரோடா? வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு, ஆக்சிலேட்டரை மெதுவா 3000 வரைக்கும் ஏத்துங்க. வந்தா எஞ்சின் சம்பந்தம். நின்ன இடத்தில் வராம, நேர் ரோட்டில் ஒரே வேகத்தில் கியர் மாத்தினாலும் மாறாம இருந்தா சக்கரம். 60 கி.மீ. வேகத்தில் ஒரு சின்ன காரின் சக்கரம் செகண்டுக்கு சுமார் 9 சுத்து சுத்தும். நல்ல ரோட்டில் சுத்தமா இல்லாம, பள்ளத்தில் மட்டும் வந்தா ரோடு. இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைச்சாலே தேட வேண்டிய இடம் பாதியாகிடும்.

மூணாவது, ரெக்கார்டிங். நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இதுதான் ஜாலியான பகுதி. போனில் ரெக்கார்ட் பண்ணி ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரோகிராம் போடுங்க. ராட்டில் மேலிருந்து கீழ் வரை செங்குத்து கோடுகளா தெரியும், ஏன்னா ஒவ்வொரு மோதலும் எல்லா அதிர்வெண்ணையும் ஒரே நேரத்தில் கிளப்பும். ஸ்குவீக்கும் பஸ்ஸும் படுக்கைக் கோடுகள். செங்குத்து கோடுகளை எண்ணுங்க. செகண்டுக்கு 25 சீரா விழுந்து, வண்டி 750 ஆர்.பி.எம். ஐடிலில் நிக்குதுன்னா, 4 சிலிண்டர் எஞ்சினோட கையெழுத்து அது. 3 சிலிண்டர்னா அதே ஐடிலில் 19க்குப் பக்கம். ஒழுங்கே இல்லாம கொத்துக் கொத்தா விழுந்தா ரோடு.

ஒரு எச்சரிக்கை. போன் தானாவே சத்தத்தை ஏத்தி இறக்கும். அதனால "இங்கே வெச்சப்போ சத்தம் பெருசா இருந்தது" என்கிற ஒப்பீட்டை அப்படியே நம்ப முடியாது. அதுக்குப் பதிலா ரெண்டு போனை ஒரே நேரத்தில் வைக்கலாம். ஒண்ணு டேஷ்போர்டில், ஒண்ணு பின் சீட்டில். ஆரம்பத்திலும் முடிவிலும் ரெண்டுக்கும் சரி நடுவில் ஒரு கைத்தட்டல், அதை வெச்சு ரெண்டு ஃபைலையும் ஒத்தி வைக்கலாம். காற்றில் சத்தம் 1 மில்லிசெகண்டுக்கு 34 செ.மீ. போகும். எந்த போனில் டக் முதல்ல விழுதுன்னு பார்த்தா, முன்னயா பின்னயா என்கிற கேள்வி முடிஞ்சது. இரும்பில் சத்தம் இதைவிட வேகமா ஓடுறதால செ.மீ. கணக்கில் இடம் சொல்லாது. மினி ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடிக்கிட்டிருக்கிறவங்க இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க.

நாலாவது, கை. இதுக்கு ரெண்டு பேர் வேணும். ஓட்டுறவர் ஓட்ட மட்டும் செய்யணும், பக்கத்தில் இருக்கிறவர் பெல்ட் போட்டபடி தேடணும். டிக்கிக்குள்ள ஆளை உட்கார வெச்சு ஓட்டுற வேலை வேண்டவே வேண்டாம். பேனலைத் தட்டுறதைவிட அழுத்துறதுதான் நல்ல சோதனை. உள்ளங்கையால அழுத்தும்போது சத்தம் நின்னா அல்லது சுருதி மாறினா, பக்கத்தில் வந்துட்டீங்க. கை எட்டாத இடத்துக்கு மாஸ்கிங் டேப். பேனல் இணைப்புகளில் பாதியை ஒட்டிட்டு அதே ரோட்டில் போங்க. நின்னுச்சா? ஒட்டின பாதியில்தான் ஆள் இருக்கான். அதில் பாதியைப் பிரிங்க. பைனரி சர்ச்தான், லேப்ல எழுதினதே. 16 இணைப்பு இருந்தாலும் 4 தடவை ஓட்டினா போதும்.

கதவு பேனலுக்கு இன்னொரு குறுக்கு வழி. 40லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவா ஏறுற சைன் ஸ்வீப் ஒண்ணை கார் ஸ்பீக்கரில் போடுங்க. ஸ்பீக்கர் கதவிலேயே இருக்கிறதால அது பேனலை நேரா ஆட்டும். எந்த ஹெர்ட்ஸில் கிர்ருங்குதோ அங்கே நிறுத்தி, ஓடாத வண்டியில் நிதானமா கையால தேடலாம். சவுண்டைக் கொஞ்சமா வைங்க, ஸ்பீக்கர் பாவம்.

பிடிபடுற இடங்கள் பெரும்பாலும் இவைதான்: க்ளவ் பாக்ஸ் ஓர ரப்பர், ஹேட்ச்பேக்கின் பார்சல் ட்ரே, டிக்கி கதவின் ரப்பர் ஸ்டாப்பர், மடிக்கிற பின் சீட்டின் கொக்கி, தூணில் சீட் பெல்ட் உயரம் மாத்துற பகுதி, கதவுக்குள்ள கண்ணாடி ஏத்தி இறக்குற கம்பிகள், டேஷ்போர்டுக்குப் பின்னாடி ஆடுற வயர் கட்டு. டிக்கி ஸ்டாப்பர் பல கார்களில் திருகினா வெளியே வரும் மாதிரி இருக்கும். அரைச் சுத்து திருகினா போச்சு, டேப்பும் வேணாம் பஞ்சும் வேணாம்.

என்ன வைக்கிறது, என்ன வைக்கக் கூடாது

வயர் கட்டுக்கும் உரசுற பிளாஸ்டிக் விளிம்புக்கும் துணி டேப். வயரிங் வேலைக்குன்னே பஞ்சு மாதிரி மேற்பரப்போட கறுப்பு டேப் கிடைக்கும், அது. இடைவெளிக்கு ஒரு பக்கம் ஒட்டுற ஈ.பி.டி.எம். ஃபோம். அழுத்தினா பாதி கனமாகுற அளவு போதும், அதுக்கு மேல திணிச்சா பேனல் வேற பக்கம் தூக்கிக்கும். பெரிய தகடு விர்ருங்குறதுக்கு ப்யூட்டைல் ஷீட். கதவு ரப்பர் கீச்சிட்டா சிலிகான் கிரீஸ் மெல்லிசா. கையில கிடைச்ச எஞ்சின் ஆயிலோ வண்டி கிரீஸோ வேண்டாம், கதவு பீடிங் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டா ஊறிப் பெருத்துடும்.

அட்டையை மடிச்சு சொருகுறது நம்ம தேசிய பழக்கம். மழைக்காலத்தில் ஈரம் குடிச்சு நசுங்கி, 2 மாசத்தில் சத்தம் திரும்ப வரும். ஃபெவிக்விக்கும் எம்-சீலும் அதைவிட மோசம், அடுத்த தடவை கழட்டவே முடியாது. பேனல் கழட்டுறதுக்கு முன்னாடி அந்த மாடலுக்கான க்ளிப்பில் நாலஞ்சு வாங்கி வெச்சுக்கோங்க. பழைய க்ளிப்பில் ரெண்டு எப்படியும் உடையும். இரும்பு ஸ்க்ரூ டிரைவரால நெம்பாம பிளாஸ்டிக் நெம்புகோல் வாங்குங்க. எக்ஸ்பயரி ஆன ஏ.டி.எம். கார்டும் ஓரளவு ஓடும்.

கை வைக்கக் கூடாத இடம்

ஸ்டியரிங் நடு, பயணி பக்க டேஷ்போர்டின் மேல் பகுதி, ஏர்பேக் என்று எழுதின தூண்கள், கூரையின் ஓரம், சீட்டின் பக்கவாட்டு. இங்கே ஃபோமும் வேண்டாம், டேப்பும் வேண்டாம். கர்ட்டன் ஏர்பேக் நீங்க கண் சிமிட்டுற நேரத்துக்குள்ள விரிஞ்சு முடிச்சிருக்கும். தூண் பிளாஸ்டிக் எந்தப் பக்கம் திறந்து வழிவிடணும்னு டிசைன் பண்ணியிருப்பாங்க. அந்த இடுக்கில் நீங்க சொருகின ஃபோம் அந்த வழியை மாத்திடலாம். அந்தத் தூண்களைப் பிடிக்கிற க்ளிப் பல கார்களில் ஒரு தடவைக்கு மட்டும்தான், கழட்டினா புதுசு போடணும். மஞ்சள் கனெக்டர், மஞ்சள் வயர் கண்ணில் பட்டா அது ஏர்பேக் சர்க்யூட். சீட்டுக்கு அடியில் கூட இருக்கும். அதைப் பிடுங்காதீங்க, மல்டிமீட்டர் வெச்சு ஓம்ஸ் பார்க்கிற ஆர்வமும் வேண்டாம், மீட்டர் அனுப்புற கரண்ட்டுக்கே அது வெடிக்க வாய்ப்பு இருக்கு. தூணிலிருந்து சத்தம்னு உறுதியானா, அது சர்வீஸ் சென்டர் வேலை. அங்கே போகும்போது ஸ்பெக்ட்ரோகிராம் எடுத்துட்டுப் போங்க, வேகம், ஆர்.பி.எம்., நேரம் எழுதிக் கொடுங்க. "ஒண்ணுமே இல்லையே"ன்னு சொல்றது கஷ்டமாகிடும்.

பிரேக் விஷயம் இன்னும் சீரியஸ். உள்ளே கேட்கிற எல்லா கடகடவும் உள்ளே பிறந்தது இல்ல. காலி ரோட்டில், மெதுவா போய்க்கிட்டிருக்கும்போது பிரேக்கை லேசா, வண்டி வேகம் குறையாத அளவுக்குத் தொட்டுப் பாருங்க. தொட்டதும் சத்தம் நின்னா, பிரேக் பேட் ஆடிக்கிட்டிருக்குன்னு சந்தேகப்படணும். அதன் பிடிப்புக் கம்பி கழண்டிருக்கலாம், பேட் தேஞ்சிருக்கலாம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கொட கொட, பள்ளத்தில் ஒரு பக்கம் மட்டும் தொம்முன்னு கனமான அடி, இதெல்லாம் லிங்க் ராடோ, பால் ஜாயிண்டோ, ஸ்ட்ரட் மவுண்டோ. பால் ஜாயிண்ட் ஓட்டத்தில் கழண்டா சக்கரம் மடங்கும். இதுக்கெல்லாம் வார இறுதி வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே லிஃப்ட் இருக்கிற ஷெட்டுக்குப் போங்க. பாட்டு சவுண்டை ஏத்தி சத்தத்தை மறைக்கிறவங்க இந்த வரியை ரெண்டு தடவை படிக்கவும்.

ஐடிலில் மட்டும் அடியிலிருந்து தகரம் தட்டுற சத்தம்னா பெரும்பாலும் சைலன்ஸர் குழாயைச் சுத்தி இருக்கிற ஹீட் ஷீல்டு. துருப்பிடிச்ச போல்ட் விட்டுப் போயிருக்கும். ஸ்டெயின்லெஸ் ஹோஸ் க்ளாம்ப் ஒண்ணு போட்டு இறுக்கினா முடிஞ்சது, ஆனா வண்டி நல்லா ஆறின பிறகு. ஷீல்டையே பிடுங்கி எறியாதீங்க, மேலே இருக்கிற கார்பெட்டும் வயரும் வேகும்.

சரி பண்ணினதும் அதே ரோடு, அதே வேகம், அதே நேரத்தில் ஓட்டிப் பாருங்க. சாயங்காலம் சரி பண்ணி சாயங்காலமே ஓட்டிட்டு, காலையில மட்டும் வர்ற சத்தம் போச்சுன்னு சொல்ல முடியாது. பெரிய சத்தம் போனதும், இவ்வளவு நாள் அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்த சின்ன சத்தம் ஒண்ணு கேட்க ஆரம்பிக்கும். நீங்க எதையோ உடைச்சிட்டதா வீட்ல திட்டுவாங்க. பழைய ரெக்கார்டிங்கை எடுத்துப் பாருங்க, அந்தக் கோடும் அதில் ஏற்கனவே மங்கலா இருக்கும்.